‘கில்ட்டியா இருக்கு டாக்டர்!’ - முதலில் அந்த வார்த்தையை உரசிப் பாருங்கள்

என் கிளினிக்கில் ஒரே நாளில் மூன்று பேர் அந்த வார்த்தையைச் சொன்னார்கள்.

காலையில் வந்தவர் சர்க்கரை வியாதிக்காரர். முதல் நாள் ஒரு கல்யாண விருந்தில் இரண்டு ஜாங்கிரியை உள்ளே தள்ளிவிட்டார். “ரொம்ப கில்ட்டியா இருக்கு டாக்டர்” என்றார். சொல்லும்போதே முகத்தில் ஒரு சிரிப்பு. ஜாங்கிரி நன்றாக இருந்திருக்கிறது!

அடுத்து ஓர் இளம் தாய். பிள்ளைக்கு 8 மாதம். பேறுகால விடுப்பு முடிந்து மறுபடி ஆபீஸ் போக ஆரம்பித்திருக்கிறார். “குழந்தையை அம்மாகிட்ட விட்டுட்டு பஸ் ஏறும்போதெல்லாம் கில்ட்டியா இருக்கு டாக்டர்” என்றார். கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் ஒரு கல்லூரிப் பையன். தலைவலி என்று வந்தான். பேச்சுக் கொடுத்ததில், நண்பனிடம் வாங்கிய 3,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்காமல் ஆறு மாதமாக அவனைக் கண்டாலே வேறு தெரு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. “கில்ட்டியா இருக்கு சார்.”

மூன்று பேருக்கும் ஒரே வார்த்தைதான். ஆனால், மூன்றும் ஒரே நோய் இல்லை; மூன்றுக்கும் ஒரே மருந்தும் இல்லை. சித்த வைத்தியனுக்கு இங்கிலீஷ் பாடம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இந்த ஒரு வார்த்தையைச் சரியாகக் காதில் வாங்காததால் நான் ஒரு பெரிய தவறு செய்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் வார்த்தையைப் பார்ப்போம்.

கில்ட் நகையும் கில்ட் மனசும்

‘கில்ட்’ என்றதும் நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு நினைவுக்கு வருவது கில்ட் நகைதான். மேலே தங்க முலாம், உள்ளே பித்தளையோ செம்போ. அந்தக் கில்ட் வேறு, குற்றத்தைக் குறிக்கும் கில்ட் வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்துக் கூட்டல் வேறு. ஆனால், உச்சரிப்பு ஒன்றுதான். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே ஆகிவிடும். இந்தப் பொருத்தத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடிவதற்குள் இது நமக்கு உதவும்.

குற்றத்தைக் குறிக்கும் கில்ட் மிகப் பழைய ஆங்கிலச் சொல். ஆரம்பத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: செய்த குற்றம், தவறு. அதாவது வெளியே நடந்த ஒரு செயல். மனசுக்குள் ஏற்படும் உறுத்தலையும் அதே வார்த்தையால் சொல்லும் வழக்கம் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் வந்தது.

அதனால் இன்றைக்கு அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு வீடு. ஒரு வீடு கோர்ட்டில், இன்னொன்று மனசில்.

கோர்ட்டில் ‘கில்ட்டி’ என்றால் குற்றவாளி என்று தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்டவர் ‘ப்ளீட் கில்ட்டி’ செய்தார் என்றால், குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். ‘ஃபவுண்ட் கில்ட்டி’ என்றால், விசாரித்து, சாட்சி பார்த்து, குற்றவாளி என்று முடிவு செய்தார்கள் என்று அர்த்தம்.

மனசில் ‘ஃபீலிங் கில்ட்டி’ என்றால் குற்ற உணர்வு. ‘நான் தப்பு செய்துவிட்டேன்’ என்று தோன்றுவது. தோன்றுவது மட்டும்தான். தப்பு நடந்ததா, இல்லையா என்பது இன்னும் விசாரிக்கப்படவில்லை!

நம் தமிழ் இதில் ரொம்பத் தெளிவு. ‘குற்றம்’ என்பது ஒன்று, ‘குற்ற உணர்வு’ என்பது இன்னொன்று. குற்றம் செய்தும் குற்ற உணர்வே இல்லாமல் உலா வருகிறவர்களை நாம் பார்க்கிறோம். குற்றமே செய்யாமல் குற்ற உணர்வில் வெந்து சாகிறவர்களை, என்னைப் போன்ற வைத்தியர்கள் தினமும் பார்க்கிறோம். ‘கில்ட்டி’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிப் பழகும்போது, இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேலி நமக்கே தெரியாமல் சாய்ந்துவிடுகிறது.

எப்படிச் சொல்வது?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்காக ஒரு சின்ன இலக்கணம்.

‘கில்ட்’ என்பது பெயர்ச்சொல். குற்றம் அல்லது குற்ற உணர்வு. ‘கில்ட்டி’ என்பது உரிச்சொல். குற்றமுள்ள, குற்ற உணர்வுள்ள. ஆகவே ‘ஐ ஃபீல் கில்ட்டி’ என்பது சரி. ‘ஐ ஆம் கில்ட்டி ஃபீலிங்’ என்று நம்மவர்கள் பலர் சொல்வது தவறு.

செய்த குற்றத்தைச் சொல்ல ‘கில்ட்டி ஆஃப்’ என்று வரும்: ‘கில்ட்டி ஆஃப் தெஃப்ட்’ என்றால் திருட்டுக் குற்றம் செய்தவர். மனசு உறுத்துவதைச் சொல்ல ‘கில்ட்டி அபவுட்’ என்று வரும்: ‘கில்ட்டி அபவுட் லீவிங் தி சைல்ட்’ என்றால் குழந்தையை விட்டுவிட்டுப் போவதை நினைத்து உறுத்தல். பார்த்தீர்களா! நடுவில் வரும் அந்தக் குட்டிச் சொல் மாறினால் கோர்ட் போய் மனசு வந்துவிடுகிறது.

‘கில்ட்டி கான்ஷியன்ஸ்’ என்பது குற்றமுள்ள நெஞ்சு. ‘கில்ட்டி ப்ளெஷர்’ என்றால், கூடாது என்று தெரிந்தும் ரசித்து அனுபவிக்கும் சின்னச் சுகம். நம் ஜாங்கிரிக்காரர் சொன்னது இதைத்தான்!

‘கில்ட் ட்ரிப்’ என்று ஒன்று உண்டு. இது எங்கேயும் டூர் போவதில்லை. அடுத்தவர் மனசில் வேண்டுமென்றே குற்ற உணர்வை உண்டாக்கி, நம் காரியத்தைச் சாதித்துக்கொள்வது. “பத்து மாசம் சுமந்து பெத்தேன், உனக்காகவே உழைச்சேன், நீ என்னடான்னா...” என்று ஆரம்பிக்கிறோமே, அது கில்ட் ட்ரிப். சொல்கிறவருக்கு அன்றைக்குக் காரியம் நடக்கும். கேட்கிற பிள்ளைக்கு அம்மாவின் போன் வந்தாலே வயிறு கலங்கும்.

‘கில்ட் ஃப்ரீ’ என்று பிஸ்கட் பாக்கெட்டில், மிக்சர் பாக்கெட்டில் எல்லாம் இப்போது அச்சடித்திருக்கிறார்கள். உறுத்தல் இல்லாமல் சாப்பிடலாம் என்கிறார்கள். உறுத்தல் இல்லை சரி, சர்க்கரை? அது விளம்பர வார்த்தை. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கும் கணக்கைப் பாருங்கள். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி என்று போட்டிருந்தாலும் சர்க்கரை நோயாளிக்கு அதுவும் சர்க்கரைதான். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

வார்த்தையின் உறவுக்காரர்கள்

கில்ட்டுக்குச் சொந்தபந்தம் நிறைய. யார் யார் என்று தெரிந்துகொண்டால் குழப்பம் வராது.

‘ரிக்ரெட்’: வருத்தம். இதற்குக் குற்றம் செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ரயில் தாமதமானால் ஸ்டேஷனில் ‘ரிக்ரெட்’ என்று அறிவிக்கிறார்கள். ‘கில்ட்டி’ என்று என்றைக்காவது அறிவித்திருக்கிறார்களா?

‘ஷேம்’: வெட்கம், அவமானம். இதற்கும் கில்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற அமெரிக்க உளவியல் நிபுணர் 1971-ல் வெளியான தன் புத்தகத்தில் விளக்கினார். சுருக்கமாகச் சொன்னால், ‘நான் செய்தது தப்பு’ என்பது குற்ற உணர்வு. ‘நானே ஒரு தப்பு’ என்பது அவமான உணர்வு. செய்ததைத் திருத்தலாம். ஆளையே தப்பு என்று நினைத்துவிட்டால் எதைத் திருத்துவது? பிள்ளைகளைக் கண்டிக்கும்போது “நீ செஞ்சது தப்பு” என்று சொல்லுங்கள். “நீ உருப்படவே மாட்டே” என்று சொல்லாதீர்கள். இரண்டு வார்த்தையும் பிள்ளையின் மனசில் போய் உட்காரும் இடம் வேறு வேறு.

‘ரிமோர்ஸ்’: ஆழமான மனவேதனை. லத்தீன் மொழியில் இதன் வேர் ‘திரும்பத் திரும்பக் கடிப்பது’. ‘கம்பங்ஷன்’: இதன் வேர் ‘குத்துவது’. ‘கான்ட்ரைட்’: தவறை உணர்ந்து உருகி நிற்பவர். வேர்ச்சொல் ‘நொறுக்கி அரைப்பது’.

கடிக்கிறது, குத்துகிறது, நொறுக்குகிறது... எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? “மனசு அரிக்குது”, “நெஞ்சு குத்துது”, “நொறுங்கிப் போயிட்டேன்” என்று நாம் சொல்வது அப்படியே இருக்கிறது. ‘உறுத்தல்’ என்ற நம் சொல்லைப் பாருங்கள். கண்ணில் தூசி விழுந்தால் உறுத்தும். செருப்பில் கல் இருந்தால் உறுத்தும். அதே சொல்லைத்தான் மனசாட்சிக்கும் வைத்திருக்கிறோம். எந்த ஊர்க்காரராக இருந்தாலும், குற்ற உணர்வை உடம்பில்தான் உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு இந்த வார்த்தைகளே சாட்சி.

சிலப்பதிகாரத்தில் பாண்டிய மன்னன், கண்ணகியின் சிலம்பு உடைந்து உள்ளே மாணிக்கம் தெறித்ததைப் பார்த்த மாத்திரத்தில் சிம்மாசனத்திலிருந்து விழுந்து உயிரை விடுகிறான். வாளும் படவில்லை, விஷமும் குடிக்கவில்லை. அவனைக் கொன்றது, தான் கொடுத்த தீர்ப்பு.

உடம்பு என்ன செய்கிறது?

குற்ற உணர்வு நீண்ட நாள் தங்கினால் தூக்கம் கெடும். பசி மந்தமாகும். வயிற்றில் எரிச்சல், நெஞ்சு படபடப்பு, கழுத்து இறுக்கம், தலைவலி என்று ஒவ்வொன்றாக வரும். நம் ஊரில் யாரும் வைத்தியரிடம் வந்து “எனக்குக் குற்ற உணர்வு” என்று ஆரம்பிப்பதில்லை. “சாப்பாடு இறங்கலைங்க”, “நெஞ்சு எரியுதுங்க” என்றுதான் ஆரம்பிப்பார்கள். மனசின் வலியை உடம்பின் பாஷையில் சொல்வது நம்மிடம் அதிகம்.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு 14 வேகங்கள் என்று பாடம் நடத்தினார்கள். மலம், சிறுநீர், தும்மல், பசி, தூக்கம் என்று உடம்பில் இயல்பாக எழும் 14 உந்துதல்களை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் வரும் என்பது சித்தர்கள் வாக்கு. அந்த 14-ல் கண்ணீரும் ஒன்று! பரீட்சைக்காக மனப்பாடம் செய்தபோது அதன் அருமை எனக்குத் தெரியவில்லை. மனநோய்களைக் ‘கிரிகை’ என்று பெயரிட்டுத் தனியாகவே பேசுகிறது சித்த மருத்துவம். மனசுக்கும் நோய் வரும், அதற்கு வைத்தியம் வேண்டும் என்பது நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது.

நவீன மனநல மருத்துவத்திலும் குற்ற உணர்வுக்கு முக்கிய இடம் உண்டு. மன அழுத்த நோயின் கடுமையை அளக்க, மாக்ஸ் ஹாமில்டன் என்ற டாக்டர் 1960-ல் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். பிறகு உலகம் முழுக்கப் பயன்படுத்தப்பட்டது. அதில் முதல் இடம் சோர்ந்த மனநிலைக்கு. இரண்டாவது இடம் குற்ற உணர்வுக்கு. மூன்றாவது தற்கொலை எண்ணம். இந்த வரிசையை நான் மறப்பதே இல்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

நான் செய்த தவறு

2021-ம் வருஷக் கடைசி. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாவை அவர் மகள் அழைத்து வந்தார். நெஞ்செரிச்சல், பசியில்லை, உடம்பு மெலிகிறது, விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. அந்த வருஷம் மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் கணவரைப் பறிகொடுத்தவர்.

நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். பித்தம் மிகுதி என்று முடிவு செய்து மருந்து கொடுத்தேன். எழுந்து போகும்போது மகள் வாசலில் நின்று தயக்கத்துடன் சொன்னார்: “அம்மா ரொம்ப கில்ட்டியா ஃபீல் பண்றாங்க டாக்டர். ஏப்ரல்ல ஒரு வளைகாப்புக்கு அப்பாவைக் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போனது அம்மாதான். பத்து நாள்ல அவருக்குக் காய்ச்சல் வந்துடுச்சு.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அதெல்லாம் காலம்தாம்மா மருந்து. மனசைத் தேத்திக்கச் சொல்லுங்க.”

தினமும் ஜாங்கிரிக்கும் பக்கோடாவுக்கும் ‘கில்ட்டி’ என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது. அந்த வார்த்தையின் கனம் எனக்கு உறைக்கவில்லை. இரண்டரை மாதம் நெஞ்செரிச்சலுக்கே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அந்த அம்மாவிடம் “உங்க மனசுல என்னம்மா ஓடுது?” என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாள் ராத்திரி மகள் போன் செய்தார். குரல் நடுங்கியது. “டாக்டர், அம்மா நகையெல்லாம் எனக்கும் தம்பிக்கும் ரெண்டு பங்காப் பிரிச்சு, துணியில முடிஞ்சு பேர் எழுதி வெச்சிருக்காங்க. பேங்க் பாஸ்புக்கையும் எடுத்து என் கையில கொடுத்துட்டாங்க. கேட்டா, சும்மாதான்னு சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு.”

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. “இன்னிக்கு ராத்திரி அம்மாவைத் தனியா விடாதீங்க. பக்கத்துலயே படுத்துக்குங்க. காலையில நானே வர்றேன்” என்றேன். மறுநாள் எனக்குத் தெரிந்த மனநல மருத்துவரிடம் நானும் கூடவே போனேன். கடுமையான மன அழுத்த நோய் என்றார். அவரிடம் அந்த அம்மா முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னார்: “நான்தான் அவரைக் கொன்னுட்டேன்.”

யோசித்துப் பாருங்கள். அந்த ஏப்ரலில் கணவர் தினமும் கடைக்குப் போனார், பேங்க்குக்குப் போனார், டீக்கடையில் நின்றார். கிருமி வளைகாப்பில்தான் ஒட்டியது என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால், அந்த அம்மாவின் மனசு என்கிற கோர்ட்டில் புகார் கொடுத்தவர் அவரே, போலீஸ் அவரே, ஜட்ஜும் அவரே. வாதாட ஒரு வக்கீல்கூட இல்லை. ‘ஃபீலிங் கில்ட்டி’ எப்போது ‘ஃபவுண்ட் கில்ட்டி’ ஆயிற்று என்பது அவருக்கே தெரியாது. தண்டனையையும் அவரே தீர்மானித்துக்கொண்டிருந்தார்.

மாத்திரையும் ஆலோசனையும் சேர்ந்து, நாலைந்து மாதத்தில் அவர் தேறினார். இன்றைக்குப் பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். போன தடவை பார்த்தபோது சொன்னார்: “உறுத்தல் போகலை டாக்டர். ஆனா இப்ப என்னைத் தூங்க விடுது.”

நான் அவரிடமும் மகளிடமும் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து, தூக்கமில்லை என்று யார் வந்தாலும் நாடி பார்ப்பதற்கு முன்பே “மனசுல ஏதாவது உறுத்துதா?” என்று கேட்கிறேன். பதில் வரும்வரை சும்மா இருக்கிறேன். என் குற்ற உணர்வுக்கு நான் செய்துகொண்ட வைத்தியம் அது.

உரைகல் கேள்விகள்

இப்போது அந்தக் கில்ட் நகைக்குத் திரும்பி வருவோம். தங்கமா, முலாமா என்று பார்க்க ஆசாரி என்ன செய்வார்? உரைகல்லில் உரசிப் பார்ப்பார். குற்ற உணர்வையும் அப்படி உரசிப் பார்க்க வேண்டும். ஒரு தாளை எடுத்து இந்த நாலு கேள்விக்கும் பதில் எழுதுங்கள்.

1. நான் செய்த செயல் என்ன? ‘நான் நல்ல அம்மா இல்லை’ என்று எழுதக் கூடாது. என்றைக்கு, யாருக்கு, என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். எழுத ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

2. அன்றைக்கு எனக்கு அது தெரியுமா? நடந்து முடிந்த பிறகு, ‘இது முன்னமே தெரிந்திருக்க வேண்டியதுதானே’ என்று மனசு நம்ப ஆரம்பிக்கும். பாருக் ஃபிஷாஃப் என்ற உளவியல் அறிஞர் 1975-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இன்றைய அறிவை வைத்து அன்றைய உங்களைத் தண்டிக்காதீர்கள்.

3. அது என் கையில் இருந்ததா? 2004 சுனாமியில், கையில் பிடித்திருந்த பிள்ளையை அலை பறித்துக்கொண்டு போன பெற்றோர் நம் கடற்கரையில் எத்தனை பேர்! “நான் கையை விட்டுட்டேனே” என்ற அழுகை இன்னும் சில வீடுகளில் ஓயவில்லை. விட்டது கையா, பறித்தது கடலா? தான் மட்டும் பிழைத்ததற்காக வருந்தும் இந்த உணர்வுக்கு ‘சர்வைவர்ஸ் கில்ட்’ என்றே ஆங்கிலத்தில் பெயர் உண்டு.

4. இதையே என் தங்கை செய்திருந்தால் அவளிடம் என்ன சொல்வேன்? அவளுக்குச் சொல்லும் ஆறுதலை உங்களுக்கே சொல்லிக்கொள்ள ஏன் மனசு வரவில்லை?

உரசிப் பார்த்ததில் முலாம் என்று தெரிந்தால் கழற்றி வையுங்கள். ஒரே நாளில் கழலாது. நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். அந்த இளம் தாய்க்கும் இதைத்தான் சொன்னேன். பிள்ளை பாட்டியிடம் பத்திரமாக இருக்கிறான். பஸ் ஏறும்போது வந்தது பிரிவின் ஏக்கம். அதற்கு ‘கில்ட்டி’ என்று பெயர் வைத்து ஏன் கூண்டில் ஏற வேண்டும்?

உரசிப் பார்த்ததில் நிஜம் என்று தெரிந்தால்? அப்போது அது கடன். ஜெர்மன் மொழியில் குற்றத்துக்கும் கடனுக்கும் ‘ஷுல்ட்’ என்று ஒரே வார்த்தைதான். கடனை நினைத்து நினைத்து அழுதால் அடையுமா? கட்டினால்தான் அடையும். சம்பந்தப்பட்டவரிடம் நேரில் போய் “நான் செஞ்சது தப்பு” என்று சொல்லுங்கள். பின்னாலேயே “ஆனா நீயும்தான்...” என்று ஆரம்பிக்காதீர்கள். முடிந்த நஷ்டத்தை ஈடு செய்யுங்கள். மறுபடி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் உயிரோடு இல்லையென்றால், அவருக்குச் செய்ய நினைத்ததை இன்னொருவருக்குச் செய்யுங்கள். அப்புறம் கணக்கை மூடிவிடுங்கள். கட்டின கடனுக்கு யாராவது தினமும் வட்டி கட்டுவார்களா?

கல்லூரிப் பையனுக்கு நான் மாத்திரை எதுவும் எழுதவில்லை. மாசம் 500 ரூபாயாக ஆறு தவணையில் தருகிறேன் என்று நண்பனிடம் போய்ச் சொல்லச் சொன்னேன். முதல் தவணை கொடுத்த வாரமே தலைவலி குறைந்துவிட்டது.

ஜாங்கிரிக்காரருக்கு? “கில்ட்டி எல்லாம் வேண்டாம் சார், சாயங்காலம் ஒரு மணி நேரம் நடங்க. அடுத்த விருந்துல ஒண்ணோட நிறுத்துங்க” என்றேன். தின்றுவிட்டு வருந்தி, வருந்தியதே போதும் என்று மறுபடி தின்பது நிறையப் பேருக்கு வழக்கமாகிவிட்டது.

எப்போது உடனே உதவி தேட வேண்டும்?

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் எல்லோரையும் படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய தினமும், காரணத்துக்கு மிஞ்சிய குற்ற உணர்வு, எதிலும் பிடிப்பின்மை, பசி, தூக்கம் கெடுதல், விடியற்காலை முழிப்பு, “நான் எல்லாருக்கும் பாரம்”, “எல்லாம் என்னாலதான்” என்ற பேச்சு. இவை சேர்ந்து இருந்தால் அது நோயின் அடையாளம். “மனசைத் தேத்திக்கோ” என்பது அதற்கு மருந்தாகாது. மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பிரசவமான பெண்களிடம் இந்த அறிகுறிகளைக் கூடுதல் கவனத்துடன் பாருங்கள்.

சாவைப் பற்றிப் பேசுவது, பொருள்களைப் பங்கு பிரித்துக் கொடுப்பது, எல்லோரிடமும் விடைபெறுவது மாதிரிப் பேசுவது - இதெல்லாம் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அவரைத் தனியே விடாதீர்கள். “உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல ஓர் ஆள் கிடைத்த நிம்மதிதான் வரும். 14416 என்ற எண்ணில் அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி, 24 மணி நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை, “சித்த மருந்து சாப்பிடறேனே” என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அமுக்கரா சூரணம் போன்றவற்றையும் கடையில் வாங்கி நீங்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். இரண்டு டாக்டருக்கும் இரண்டு மருந்தும் தெரிந்திருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பாடு, காலையில் அரை மணி நடை, உடம்புக்கு ஒத்துக்கொண்டால் வாரம் இரண்டு முறை எண்ணெய்க் குளியல், ராத்திரி சீக்கிரம் படுக்கை - இவை உடம்பைத் தாங்கிப் பிடிக்கும். உறுத்தலைப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

அடுத்த தடவை உங்கள் வீட்டில் யாராவது “கில்ட்டியா இருக்கு” என்றால், கையில் இருக்கும் வேலையை ஒரு நிமிஷம் ஓரமாக வையுங்கள். “எதை நினைச்சு?” என்று கேளுங்கள். ஜாங்கிரி என்று பதில் வந்தால் சேர்ந்து சிரித்துக்கொள்ளலாம். பதிலே வராமல் தலை குனிந்தால், பக்கத்தில் போய் உட்காருங்கள். எழுந்து போய்விடாதீர்கள்.